பாவனை வானில் மெய்யான நிலம்

மெய்யை ஒத்த பாவனையை ஆக்குதல் எளிய செயலன்று. பாவனையே ஆயினும் அது மெய்ப்பொருளின் அளவுகளுக்குக் கட்டுப்பட்டே நிற்றல் வேண்டும். இவ்வுண்மையை 2020ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு செய்தி நன்கு விளக்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மைக்ரோசாப்ட் நிறுவனம், கணினியில் விமானம் ஓட்டுவதற்கான தன் புதிய நிரலை வெளியிட்டது. அதனைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர்மீது பறந்தோர், தாழ்ந்த வீடுகளே நிறைந்த ஃபாக்னர் என்னும் புறநகரில், ஊசி போன்ற ஒரு கோபுரம் வானளாவி நிற்கக் கண்டு வியந்தனர். அத்தகைய கட்டடம் அவ்வூரில் இல்லை, என்றும் இருந்ததில்லை.

காரணத்தை ஆராய்ந்தபோது ஒரு சிறு பிழை வெளிப்பட்டது. பொதுமக்கள் பலர் கூடி வரைந்துவரும் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் நிலப்படத்தில், ஒரு கட்டடத்தின் மாடிகள் 2 என எழுத வேண்டிய இடத்தில் ஒருவர் 212 என எழுதிவிட்டார். நிலப்படத்தில் அப்பிழை பின்னர்த் திருத்தம் பெற்றது. ஆயினும் திருத்தத்திற்கு முன் எடுத்த படியே விமான நிரலைச் சென்று சேர்ந்தது. எழுதப்பட்டதை ஐயுறாத பொறி, 212 மாடிகளையும் கட்டி முடித்தது.

ஏடெழுதுவோன் பிழை ஒரு செய்யுளின் பொருளையே மாற்றிவிடும் என்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். ஓர் இலக்கப் பிழை ஓர் ஊரின் தோற்றத்தையே மாற்றிவிடும் என்பதைப் பாவனை விமானத்தில் ஈடுபட்டோர் அன்றாடம் காண்கின்றனர். அப்பிழைகளைத் தேடித் திருத்தியும், விடுபட்ட ஊர்களை வரைந்து சேர்த்தும், அதற்கு வேண்டிய கருவிகளைத் தாமே படைத்தும் வருவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத பொழுதுபோக்கு ஆர்வலர்களே ஆவர். அவர்தம் பணி எத்தகையது, அது நிலைத்து நிற்க வேண்டுவன யாவை என்பது அறியத்தக்கது.

துருத்தியில் பிறந்த விமானம்

விமானம் ஓட்டும் பயிற்சியைத் தரையிலிருந்தே அளிக்கும் பொறியைப் ‘பிளைட் சிமுலேட்டர்’ என்பர். தமிழில் அதனைப் பாவனை விமானம் எனலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் என்னும் ஊரில், பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவர் எட்வின் லிங்க். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, நின்ற இடத்தில் சாயவும் திரும்பவும் வல்ல ஒரு சிறு விமானக் கூண்டினை அவர் 1929இல் அமைத்தார். தொடக்கத்தில் அது கேளிக்கைப் பூங்காக்களில் விளையாட்டுப் பொருளாகவே விலைபோயிற்று. 1934இல் அமெரிக்கப் படையின் விமானப் பிரிவு வான் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்று, பனியிலும் புயலிலும் விமானிகள் பலரை இழந்தது. அதன் பின்னரே அப்பொறியின் அருமை உணரப்பட்டு 6 பொறிகள் வாங்கப்பட்டன. விளையாட்டெனக் கருதப்பட்டது உயிர்காக்கும் பயிற்சியாயிற்று.

லிங்கின் கூண்டிலிருந்து வெளியே பார்க்க வேண்டுவதில்லை. மேல்மூடியை அடைத்துக்கொண்டு, கருவிகளின் முள்ளை மட்டுமே நோக்கிப் பறக்கப் பழகுவதே அதன் நோக்கம். கண்ணுக்கு நிலத்தைக் காட்டும் வேலை கணினி தோன்றிய பிறகே தொடங்கிற்று. இலினாய்ப் பல்கலைக்கழகத்தில் பயின்ற புரூஸ் ஆர்ட்விக் என்பார், பறப்புக் காட்சியைக் கணினித் திரையில் வரையும் முறைபற்றி 1975இல் ஆய்வேடு எழுதினார். 1979இல் ஆப்பிள் கணினிக்கென அவர் செய்த நிரலில் மலையும் தரையும் வெறுங்கோடுகளாகவே தோன்றின. அதன் வழிவந்ததே 1982இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட முதல் விமான நிரல். அதில் அமெரிக்காவின் சில நகர்ப்பகுதிகள் மட்டுமே இருந்தன. பறப்போர் சிக்காகோ நகரின் ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் ஃபீல்டு என்னும் சிறு விமான நிலையத்திலிருந்து கிளம்பினர். அப்பகுதிகளைக் கடந்து சென்றால் உலகம் வெறுமையாய்க் கிடந்தது.

அவ்வெறுமையே ஆர்வலர்களை அழைத்தது. தம் ஊர் அதில் இல்லையே என்னும் ஏக்கம் ஒவ்வொருவருக்கும் எழுந்தது. நிறுவனம் உலகின் பெருநகரங்களை வரையலாம். ஒரு சிற்றூரின் புல்தரை நிலையத்தை வரைந்து அதனால் அடையும் வருவாய் யாது? வணிகத்திற்குப் பயன்படாத அவ்விடங்களெல்லாம் ஆர்வலரின் பொறுப்பாயின.

நிலக்காட்சி உருவாகும் விதம்

விமானத்திலிருந்து காணும் நிலத்தோற்றத்தை நிலக்காட்சி என்று கொள்ளலாம். அதனைப் படைக்கும் முறைக்கு ‘ஃபிளைட்கியர்’ என்னும் நிரலை எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் பொருந்தும். 1996இல் எழுந்த ஒரு முன்மொழிவின் பயனாக, 1997இல் கர்ட்டிஸ் ஓல்சன் முதலியோரின் உழைப்பால் அது முதன்முதல் வெளிவந்தது. ஆர்வலர்களே எழுதியது, எவரும் விலையின்றிப் பெறலாம், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தவும் செய்யலாம்.

நிலக்காட்சிக்கு முதற்பொருள் உயரம். மேடும் பள்ளமும் எங்கெங்கு எவ்வளவு என்னும் கணக்கு வேண்டும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘எண்டவர்’ என்னும் விண்வெளி ஓடம் 11 நாள்கள் உலகைச் சுற்றி, ராடார் அலைகளால் நிலத்தின் உயரத்தை அளந்தது. ஓடத்தில் ஒரு வாங்கியும், 60 மீட்டர் நீளமுள்ள கம்பத்தின் நுனியில் மற்றொன்றும் பொருத்தப்பட்டிருந்தன. இரு கண்கள் ஒரு பொருளின் தொலைவை அறிவது போல, அவ்விரண்டும் பெற்ற அலைகளின் வேறுபாட்டிலிருந்து உயரம் கணக்கிடப்பட்டது. வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரை, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு அளவிடப்பட்டது. அவ்வளவுகள் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டமை ஆர்வலர்க்குப் பெருங்கொடையாயிற்று.

எனினும் அக்கொடையிலும் ஒரு குறை உண்டு. அடர்ந்த காட்டில் ராடார் அலை பெரும்பாலும் மர உச்சியிலிருந்து மீளுமேயன்றித் தரையைத் தொடாது; நகரில் கூரைகளிலிருந்து மீளும். இதனை அறியாமல் அளவை அப்படியே பயன்படுத்தினால், ஓடுபாதை உழுத வயல் போல மேடுபள்ளமாய்விடும். ஆதலின் விமான நிலையங்களின் உயரத்தைத் தனியே கணக்கிட்டு, அவ்விடத்து நிலத்தை வெட்டியெடுத்துச் சமன்செய்து மீண்டும் பொருத்தும் கருவியை ஆர்வலர்கள் எழுத வேண்டுவதாயிற்று. ஃபிளைட்கியருக்காகச் செய்யப்பட்ட ‘டெராகியர்’ என்னும் கருவித் தொகுதி இப்பணியைச் செய்கிறது. நிலம் முழுவதையும் முக்கோணங்களாக்குவதும் அதன் வேலையே. சமவெளிக்குச் சில முக்கோணங்கள் போதும். மலைச்சரிவுக்கு மிகப் பல வேண்டும். எங்கே எத்தனை என்று தெரிந்து செலவிடுவதில்தான் கருவி செய்வோரின் திறன் விளங்கும். எல்லா இடத்திலும் மிகுதியாக வைத்தால் கணினி திணறும். எல்லா இடத்திலும் குறைத்தால் மலை மேசைபோல் ஆகும்.

உலகம் முழுவதையும் ஒரே கோப்பில் வைத்தல் இயலாது. எனவே அட்சரேகை, தீர்க்கரேகை கொண்டு அதனைக் கட்டங்களாகப் பகுத்துள்ளனர். 10 பாகைக்கு ஒரு பேழை. அதனுள் ஒரு பாகைக்கு ஒரு சிறு பேழை. பூமத்திய ரேகையை அடுத்த பகுதிகளில் அதனுள்ளும் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள். ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கிழக்கே 103 பாகையையும் வடக்கே 1 பாகையையும் கடந்த இடத்தில் உள்ளது. ஆகவே அது ‘கிழக்கு 100, வடக்கு 0’ என்னும் பெரும்பேழையில் ‘கிழக்கு 103, வடக்கு 1’ என்னும் சிறுபேழையில் அடங்கும். கோலாலம்பூர்ப் பன்னாட்டு விமான நிலையம் அதே பெரும்பேழையில் ‘கிழக்கு 101, வடக்கு 2’ என்னும் சிறுபேழையில் அடங்கும். பூகோளப் பாடத்தில் மாணாக்கர் படிக்கும் இரு ரேகைகளே இங்கு முகவரியாக அமைகின்றன.

ஓடுபாதையும் இலக்கமும்

விமான நிலையங்களின் விவரம் வெறும் எழுத்துக் கோப்பாக எழுதப்படுகிறது. ‘எக்ஸ்பிளேன்’ என்னும் வணிக நிரலுக்கென எழுந்த அவ்வமைப்பை ஃபிளைட்கியரும் ஏற்றுக்கொண்டது. 1 என்னும் எண்ணில் தொடங்கும் வரி ஒரு நிலையத்தைக் குறிக்கும். 100 என்பது ஓடுபாதையைக் குறிக்கும். 99 என்பது முடிவைக் குறிக்கும். நிலையத்தின் உயரத்தை அடியிலும், ஓடுபாதையின் அகலத்தை மீட்டரிலும் எழுத வேண்டும் என்பது பழகாதோரை மயக்கும் விதி. அடியென்று நினைத்து மீட்டர் எழுதினால், கடற்கரை நிலையமும் குழிக்குள் இறங்கிவிடும்.

ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் பாகையைத் தசமத்தில் எழுதுவர். தசமத்தின் மூன்றாம் இடத்தில் ஓர் எண் மாறினால் இடம் ஏறத்தாழ 111 மீட்டர் விலகும். ஐந்தாம் இடத்தில் மாறினால் ஒரு மீட்டர் அளவே விலகும். சாங்கியின் ஓடுபாதை ஒன்று 4,000 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உடையது. மூன்றாம் இடத்துப் பிழை ஒன்றே அதனை முழுதும் தன் இடத்தினின்று அப்பால் தள்ளப் போதுமானதாகும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஓடுபாதையின் பெயர் அது நோக்கும் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துப் பெற்ற எண்ணாகும். பூமியின் காந்தப்புலமோ மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பது. அதனால் காலப்போக்கில் பெயரே பொருந்தாமற் போகும். இலண்டனை அடுத்த ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் 05 என்றும் 23 என்றும் இருந்த எண்கள் 2009இல் 04 என்றும் 22 என்றும் மாற்றப்பட்டன. மெய்யான ஓடுபாதையில் வெள்ளைச் சாயம் மாறிய பின், பாவனை ஓடுபாதையிலும் எவரேனும் அதனை மாற்றியாக வேண்டும். நிலக்காட்சி ஒருகால் செய்து முடித்துவிடும் பொருளன்று. பயிரைப் போல் காத்து வளர்க்க வேண்டிய பொருள்.

கட்டடங்களை வடிப்பது வேறொரு கலை. ஆர்வலர் அங்குச் சென்று நான்கு பக்கமும் படம் பிடிப்பர். சாய்ந்து தோன்றும் சுவர்களை நிமிர்த்துவர். பின் அப்படங்களை வடிவின்மீது போர்த்துவர். இதற்குப் பெரிதும் பயன்படும் ‘பிளெண்டர்’ என்னும் வடிவமைப்பு நிரல் முன்னர்த் தனியார் உடைமையாக இருந்தது. அதனை வெளியிட்ட நிறுவனம் மூடப்பட்டபின், 2002இல் பயனர்கள் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்து அதனைப் பொதுவுடைமை ஆக்கினர். கருவியும் கூட்டு முயற்சியால் மீட்கப்படலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

உரிமை என்னும் வரம்பு

பணம் பெறாத பணி என்பதால் எதனையும் எடுத்தாளலாம் என்பது பொருளன்று. செயற்கைக்கோள் படங்களுள் சில பொதுவானவை. அமெரிக்க அரசின் ‘லேண்ட்சாட்’ படங்கள் 2008 முதல் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் வணிக நிறுவனங்களின் நிலப்படத் தளங்களில் காணும் படங்களைக் கண்டு மகிழலாமேயன்றிப் பிறர்க்குப் பங்கிட்டுக் கொடுத்தல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே ஆர்வலர் சிலர் படங்களைப் பரப்பாமல், ஒருவர் தம் கணினியில் தாமே நிலக்காட்சியை உருவாக்கிக்கொள்ளும் கருவியை மட்டும் பரப்புகின்றனர். சமைத்த சோற்றை வழங்க இயலாதவர் சமைக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பது போன்றது இது. ஆயினும் கருவி வழியாகப் பெறும் படத்திற்கும் உரிமையாளரின் விதி உண்டு என்பதை மறத்தல் ஆகாது. ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ நிலப்படமும் விலையற்றதே. ஆனால் பயன்படுத்துவோர் அதன் பெயரைக் குறிப்பிடுதல் வேண்டும். திருத்திய தரவைப் பரப்புவோர் அதே உரிமத்தின்கீழ் வழங்குதல் வேண்டும்.

மறைந்த நிலையங்கள்

ஆர்வலரின் உழைப்பு எதற்குப் பயன்படும் என்று வினவுவோர்க்கு மெய்க்ஸ் ஃபீல்டின் கதையே விடையாகும். 2003ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் இரவு, சிக்காகோ மேயர் ரிச்சர்டு டேலியின் ஆணைப்படி புல்டோசர்கள் அங்கு நுழைந்து, ஓடுபாதையில் பெரிய பெருக்கற் குறிகளைத் தோண்டின. பொழுது விடிந்தபோது 16 விமானங்கள் வெளியேற வழியின்றி நின்றன. இன்று அவ்விடம் பூங்காவாக உள்ளது. இருபது ஆண்டுகளாகக் கணினியில் உலகெங்கும் பலர் முதன்முதல் மேலெழுந்த நிலம் மெய்யுலகிலிருந்து மறைந்தது. ஆனால் ஆர்வலர் செய்த நிலக்காட்சிகளில் அதன் ஓடுபாதை இன்றும் ஏரிக்கரையில் கிடக்கிறது.

ஹாங்காங்கின் காய் டாக் நிலையமும் அத்தகையதே. குன்றின்மேல் தீட்டிய சிவப்பு வெள்ளைக் கட்டங்களை நோக்கி வந்து, பின் வலப்புறம் 47 பாகை திரும்பி, அடுக்குமாடி வீடுகளின்மீது தாழ்ந்து இறங்க வேண்டிய அதன் 13ஆம் எண் ஓடுபாதை 1998 ஜூலை 6ஆம் நாள் மூடப்பட்டது. அந்தத் திருப்பத்தைப் புகைப்படம் காட்டும். ஆயினும் எந்த நொடியில் திரும்ப வேண்டும் என்பதைக் கைப்படப் பயின்று அறிதற்குப் பாவனை விமானமே இன்று எஞ்சியுள்ள வழி.

இந்நிலையங்கள் ஓரளவு நற்பேறு உடையவை. அவற்றைக் கண்டோர் பலர், அளந்தோரும் பலர். அவ்வாறு அமையாத நிலையங்கள் எண்ணற்றவை. 1937இல் திறக்கப்பட்டு 1955இல் மூடப்பட்ட சிங்கப்பூரின் காலாங் நிலையத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது; பழைய விமான நிலையச் சாலை என்னும் பெயரும் நிற்கிறது. பழைய நிலப்படங்களையும் வானிலிருந்து எடுத்த பழம்படங்களையும் ஒப்புநோக்கி இத்தகைய நிலங்களை மீட்டெழுதுதல், சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டு மூலத்தை நிறுவும் பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது. இரண்டிலும் ஊகத்தை உண்மையென எழுதிவிடாமல் தனியே குறித்து வைத்தல் நேர்மையாகும்.

நிலைப்பதற்கு வேண்டுவன

இத்தனை உழைப்பும் எளிதில் அழியக்கூடியது என்பதும் உண்மை. 2009 ஜனவரியில் மைக்ரோசாப்ட், விமான நிரலைச் செய்துவந்த தன் பிரிவை மூடிற்று. அதற்கு முன் 2006இல் வெளிவந்த பதிப்பைக் கொண்டே ஆர்வலர்கள் பல ஆண்டுகள் புதிய நிலக்காட்சிகளைப் படைத்துவந்தனர். அவற்றை எழுதும் முறையை நிறுவனம் முன்னரே விளக்கி வெளியிட்டிருந்தமையால் அது கைகூடிற்று. ஆனால் நிரலின் உள்ளே இருந்த குறைகளைத் திருத்த அவர்களால் இயலவில்லை; மூலம் அவர்கள் கையில் இல்லை. மூலத்தையே திறந்து வைத்திருக்கும் ஃபிளைட்கியர் போன்ற நிரல்களுக்கு இந்த இடர் இல்லை. அங்கு ஒருவர் விலகினால் மற்றொருவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அவ்வாண்டு மே திங்களில் மற்றோர் இடரும் நேர்ந்தது. ஆர்வலர்களின் படைப்புகளைத் தொகுத்து வைத்திருந்த புகழ்பெற்ற சேமிப்பகம் ஒன்றைத் தீயோர் தாக்கினர். அதற்கு இரண்டு கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதற்குக் காப்பாக வைக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தாக்குண்டமையால் காப்பு பயனற்றதாயிற்று. 13 ஆண்டுத் தொகுப்பு ஆபத்துக்குள்ளாயிற்று. சேமிப்பகம் பின்னர் மீண்டெழுந்தது. எனினும் படிகள் ஓரிடத்தில் குவிதல் ஆகாது, பல இடங்களில் பரவி இருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி கற்பித்தது. ஒரே வீட்டில் இருந்த ஏடுகள் தீக்கும் செல்லுக்கும் இரையான வரலாற்றை அறிந்தோர்க்கு இப்பாடம் புதிதன்று.

ஆக, இப்பணி நிலைபெற வேண்டுவன மூன்று. அளவு பிழையற்றதாக இருத்தல் ஒன்று. எழுதும் முறை எவர்க்கும் விளங்கும்படி திறந்திருத்தல் இரண்டு. படிகளைப் பரப்பும் உரிமை தெளிவாக இருத்தல் மூன்று. முதலாவது தவறினால் இல்லாத கோபுரம் எழும். இரண்டாவது தவறினால் செய்தவரோடு அறிவும் மறையும். மூன்றாவது தவறினால் நல்ல படைப்பும் பூட்டிய பெட்டியில் மக்கிவிடும்.

மெல்போர்னில் எழுந்த அப்பொய்க் கோபுரம் ஆர்வலர் சிலருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நெடுந்தொலைவிலிருந்தும் அதனைக் காணப் பறந்து வந்தனர். அதன் உச்சியில் இறங்கிப் பார்த்தோரும் உண்டு. அதே வேளையில், அதே நிரலில் அலுவலகக் கட்டடம் போல் காட்சியளித்த இலண்டன் பக்கிங்காம் அரண்மனையை ஆர்வலர்கள் விரைவில் செம்மையாக வடித்துக் கொடுத்தனர். பிழையைக் கண்டு நகைத்தோரும் பிழையைத் திருத்தியோரும் ஒரே கூட்டத்தாரே. நகைப்பு சில நாள்களில் அடங்கிற்று. திருத்திய வடிவமோ, அந்நகர்மீது பறப்போர் ஒவ்வொருவர்க்கும் அரண்மனையை அரண்மனையாகவே காட்டி நின்றது.